நிஜின்ஸ்கியின் தங்கை

பலே நடனத்தைப் பற்றி அதிகம் அறியாதவர்களும் நிஜின்ஸ்கி என்ற பெயரை எங்காவது கேட்டிருப்பார்கள். மேடையில் துள்ளி எழுந்தால் ஒரு கணம் அந்தரத்திலேயே நின்றுவிடுவார் என்று ஐரோப்பா முழுவதும் பேசப்பட்டவர் அவர். மேடையில் அவர் பிரகாசித்த காலம் ஏறக்குறையப் பத்து ஆண்டுகள்தான். அவருக்கு ஒரு தங்கை இருந்தார். அந்தத் தங்கை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆடினார், நடனங்களை அமைத்தார், கற்பித்தார். இருபதாம் நூற்றாண்டு பலே நடனத்தின் போக்கை மாற்றிய ஆக்கங்களுள் இரண்டு மூன்றாவது அவருடையவை. எனினும் நெடுங்காலம் நூல்களில் அவர் நிஜின்ஸ்கியின் தங்கையாகவே இடம்பெற்று வந்தார். இந்தக் கட்டுரையின் தலைப்பும் அப்படித்தான் அமைந்துவிட்டது. அவருடைய பெயர் புரோனிஸ்லாவா நிஜின்ஸ்கா.

இன்று பெலாருஸ் நாட்டின் தலைநகராக இருக்கும் மின்ஸ்க் நகரில் 1891ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் திகதி அவர் பிறந்தார். தந்தையார் தோமாஸ், தாயார் எலியனோரா ஆகிய இருவரும் போலந்து நாட்டவர்கள். ரஷ்யப் பேரரசின் ஊர்களெல்லாம் சுற்றி ஆடிய நடனக் கலைஞர்கள். மூன்று பிள்ளைகளும் அரங்கின் பின்புறத்திலேயே வளர்ந்தவர்கள் என்று சொல்லலாம். மூத்தவர் ஸ்தானிஸ்லாவ் சிறு வயதில் சாளரத்திலிருந்து விழுந்து, மூளை வளர்ச்சி பாதிக்கப்பட்டவரானார். இரண்டாமவர் வாஸ்லாவ். கடைசிப் பிள்ளை புரோனியா. வீட்டில் அவரை அப்படித்தான் அழைப்பார்கள். சில ஆண்டுகளில் தந்தையார் வேறொரு பெண்ணுடன் சென்றுவிட, தாயார் பிள்ளைகளுடன் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் குடியேறினார். அறைகளை வாடகைக்கு விட்டுக் குடும்பத்தை நடத்தினார். பிள்ளைகளை அரச நடனப் பாடசாலையில் சேர்த்துவிட்டால் அவர்களுடைய எதிர்காலத்துக்கு ஒரு வழி பிறக்கும் என்பதே அந்தத் தாயின் கணக்கு. வாஸ்லாவ் முதலில் சேர்ந்தார். 1900ஆம் ஆண்டில், ஒன்பது வயதில், புரோனியாவும் தேர்வானார்.

1908இல் நடனத்திலும் ஏனைய பாடங்களிலும் முதற்பரிசு பெற்று அவர் வெளியேறினார். புகழ்பெற்ற மரின்ஸ்கி அரங்கில் வேலையும் கிடைத்தது. அரச அரங்கக் கலைஞர் என்பது அக்காலத்தில் சிறிய பட்டமல்ல. மாதச் சம்பளமும் பிற்காலத்தில் ஓய்வூதியமும் உள்ள உத்தியோகம் அது. அறைகளை வாடகைக்கு விட்டுப் பிள்ளைகளை வளர்த்த தாயாருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அந்த ஆறுதல் மூன்று ஆண்டுகள்கூட நீடிக்கவில்லை. 1911 ஜனவரியில் வாஸ்லாவ் மேடையில் அணிந்த உடை அரச குடும்பத்தினர் முன்னிலையில் அணியத் தகாதது என்று கூறி அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். தமையனுக்கு நடந்தது அநீதி என்று கருதிய புரோனிஸ்லாவா தானும் விலகினார். பட்டம் போயிற்று, ஓய்வூதியமும் போயிற்று. அப்போது அவருக்கு வயது இருபது.

இருவரும் செர்ஜி டியாகிலெவின் ரஷ்ய பலே குழுவில் முழுநேரமாக இணைந்தார்கள். 1909 முதல் பரிஸ் நகரத்தை ஆட்டிப்படைத்த குழு அது. வாஸ்லாவ் ஆடுவதோடு நின்றுவிடாமல் நடனங்களை அமைக்கவும் தொடங்கிய காலம். பண்டைய கிரேக்கச் சிற்பங்களைப் போலப் பக்கவாட்டில் நின்று நகரும் ஒரு புதிய முறையை அவர் மனதில் வைத்திருந்தார். அதை யாருடைய உடலில் பரீட்சித்துப் பார்ப்பது? வீட்டில், பூட்டிய கதவுக்குப் பின்னால், தங்கையின் உடலில்தான். கையை இப்படி வை, தலையை அப்படித் திருப்பு என்று மாதக்கணக்கில் நடந்த அந்த வேலையின் பலன்தான் 1912இல் பரிஸ் நகரில் பெரும் சர்ச்சையைக் கிளப்பிய தேவக்கன்னியர் நடனம். அதன் பெருமை தமையனைச் சேர்ந்தது. அது முறையானதே. ஆனால் ஒரு நடனம் கருவிலிருந்து மேடைவரை எப்படி வளர்கிறது என்பதை உள்ளிருந்து கற்றுக்கொண்டவர் தங்கை.

அடுத்தது ஸ்ட்ராவின்ஸ்கி இசையமைத்த வசந்தத்தின் சடங்கு. பலியாகத் தெரிவு செய்யப்படும் கன்னிப் பெண் ஆடி ஆடியே உயிர்விடும் இறுதி நடனத்தை வாஸ்லாவ் தங்கைக்காகவே அமைத்தார். புரோனிஸ்லாவா அதற்கிடையில் சக கலைஞரான அலெக்சாண்டர் கொச்செற்றோவ்ஸ்கியைத் திருமணம் செய்திருந்தார். கருவுற்றிருக்கும் செய்தியைத் தமையனிடம் சொன்னபோது அவர் கடுங்கோபம் கொண்டார். அந்தப் பாத்திரம் மரியா பில்ட்ஸ் என்பவருக்குப் போயிற்று. 1913 மே 29ஆம் திகதி நடந்த அந்த மேடையேற்றமும் சபையில் எழுந்த கூச்சலும் கலை வரலாற்றில் இடம்பெற்றுவிட்டன. தாய்மையா, தொழிலா என்ற கேள்வியை வாழ்வில் ஒரு முறையாவது எதிர்கொண்ட எங்கள் பழைய மாணவியர் பலருக்கு இந்த இடத்தை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அவ்வாண்டு ஒக்டோபரில் மகள் இரீனா பிறந்தார்.

அதே ஆண்டில் வாஸ்லாவ் தென் அமெரிக்காவில் திருமணம் செய்துகொள்ள, டியாகிலெவ் அவரைக் குழுவிலிருந்து நீக்கினார். 1914இல் லண்டன் பலஸ் அரங்கில் சொந்தக் குழுவுடன் ஆட வாஸ்லாவ் முயன்றபோது தங்கையே மீண்டும் பக்கத்தில் நின்றார். இரண்டு வாரங்களில் வாஸ்லாவ் நோயுற்றார், ஒப்பந்தமும் முறிந்தது. புரோனிஸ்லாவா ரஷ்யா திரும்பினார். அவ்வாண்டிலேயே உலகப் போர் தொடங்கியது. மீண்டும் இருவரும் சந்திக்க ஏழு ஆண்டுகள் ஆயின.

அந்த ஏழு ஆண்டுகளில்தான் நிஜின்ஸ்கியின் தங்கை நிஜின்ஸ்கா ஆனார். பெரும்பகுதியை அவர் கியெவ் நகரில் கழித்தார். போர், புரட்சி, உள்நாட்டு யுத்தம் என்று நகரம் கைமாறிக்கொண்டே இருந்தது. 1919இல் மகன் லெவ் பிறந்தார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டே அவ்வாண்டில் அசைவுப் பள்ளி என்ற பெயரில் சொந்தப் பாடசாலையைத் திறந்தார். கணவரோ பிரிந்து சென்றுவிட்டார். உணவுக்கும் விறகுக்கும் தட்டுப்பாடான நாட்களில், ஓவியர் அலெக்சாண்ட்ரா எக்ஸ்டர் போன்றவர்களின் நட்பில், கதையே இல்லாத நடனங்களை அவர் ஆக்கிப் பார்த்தார். நடனம் என்பது அழகிய நிலைகளைக் கோப்பதல்ல. ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் அசைவே நடனத்தின் உயிர் என்பது அவருடைய கொள்கை. இசையில் சுரங்களுக்கு இடையே ஓடும் நாதத்தைப் போன்றது அது. அதை அவர் எழுதியும் வைத்தார். பின்னாளில் பரிஸ் ஒப்பெராவின் நடனத் தலைவராக விளங்கிய செர்ஜ் லிபார் இந்தப் பள்ளியில் பயின்றவர்.

தமையனின் மனநிலை பாதிக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி அவருக்கு எட்டியது. 1921இல் தாயாரையும் இரு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, அனுமதிப் பத்திரம் எதுவுமின்றி, பூக் ஆற்றைக் கடந்து போலந்துக்குள் நுழைந்தார். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு இரண்டு. எல்லை கடப்பதென்றால் என்னவென்று எங்கள் சங்கத்தின் உறுப்பினர்கள் நன்கு அறிவார்கள். எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்பதும் அறிவார்கள். தான் பெற்ற பாடசாலையையும் வளர்த்தெடுத்த மாணவர்களையும் புரோனிஸ்லாவா விட்டுச் சென்றார். வியன்னாவில் வாஸ்லாவைப் பார்த்தார். தங்கையைக் கண்டும் அவர் பேசாமல் வெறித்திருந்தார். அவர் 1950இல் லண்டனில் காலமாகும்வரை மேடைக்குத் திரும்பவேயில்லை.

குடும்பத்துக்குச் சோறு போட வேண்டும். டியாகிலெவ் அழைத்தார். 1921 நவம்பரில் லண்டன் அல்ஹம்ப்ரா அரங்கில் மேடையேறிய துயிலும் இளவரசியில் சில நடனங்களைப் புதிதாக அமைத்ததே அவருடைய முதல் வேலை. அதன் பின்னர் அவர் குழுவின் நடன அமைப்பாளரானார். டியாகிலெவின் இருபது ஆண்டுக் குழுவில் அந்தப் பொறுப்பை வகித்த ஒரே பெண் அவர்தான்.

இனி அவருடைய தலைசிறந்த ஆக்கத்துக்கு வருகிறேன். அதன் பெயர் லே நோஸ். திருமணம் என்று பொருள். ரஷ்யக் கிராமத்துக் கலியாணச் சடங்குகளை வைத்து ஸ்ட்ராவின்ஸ்கி பல ஆண்டுகளாக எழுதித் திருத்திய இசை அது. நான்கு பியானோக்கள், தாள வாத்தியங்கள், பாடகர்கள், கூட்டுப் பாடகர் குழு. வயலின் ஒன்றுகூட இல்லை. ஓவியர் நத்தாலியா கொஞ்சரோவா கண்ணைப் பறிக்கும் நிறங்களில் கிராமிய உடைகளை வரைந்து முடித்திருந்தார். டியாகிலெவ் அந்த வரைபடங்களைப் பெருமையுடன் நிஜின்ஸ்காவுக்குக் காட்டினார். நிஜின்ஸ்கா அவற்றை ஏற்கவில்லை.

இந்தக் கலியாணத்தில் மகிழ்ச்சி எங்கே இருக்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. மணமகளுக்கு மணமகனைத் தெரியாது. பெற்றோர் பேசி முடித்திருக்கிறார்கள். பழகிய வீட்டை விட்டு, பழக்கமில்லாத குடும்பத்துக்கு அவள் போகிறாள். அங்கே அவள் வேலைக்கு இன்னொரு ஆள். தாயாருக்கும் அது தெரியும். இதற்கு எதற்குப் பூப்போட்ட உடை? மண்ணின் நிறமும் வெள்ளையும் போதும், எல்லோருக்கும் ஒரே மாதிரியான எளிய உடை போதும் என்று நிஜின்ஸ்கா நின்றார். அப்படியானால் இந்த நடனத்தை நீங்கள் செய்யப்போவதில்லை என்று டியாகிலெவ் முடித்துவிட்டார். தாயையும் இரு பிள்ளைகளையும் காப்பாற்ற வேண்டிய ஒரு அகதிப் பெண், தனக்கு வேலை கொடுத்தவரிடம், அதுவும் ஐரோப்பாவின் மிகப் பெரிய கலைத் தலைவரிடம், முடியாது என்று சொன்னார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவர் இறங்கி வரவில்லை. ஏறக்குறைய ஓராண்டு கழித்து டியாகிலெவ்தான் இறங்கி வந்தார். கொஞ்சரோவாவும் தம் வரைபடங்களை ஒதுக்கிவிட்டு, பழுப்பும் வெள்ளையுமாகப் புதிய உடைகளை வரைந்தார்.

1923 ஜூன் 13ஆம் திகதி பரிஸ் நகரில் அது மேடையேறியது. நான்கு காட்சிகள், மொத்தம் அரை மணி நேரத்துக்கும் குறைவு. முதற்காட்சியில் மணமகள் நடுவில் நிற்கிறாள். நிலத்தைத் தொடும் அளவுக்கு நீண்ட அவளுடைய பின்னல்களைத் தோழிகள் இரு புறமும் கயிறு போலப் பிடித்திருக்கிறார்கள். கன்னிப் பெண்ணின் ஒற்றைப் பின்னலைப் பிரித்து இரண்டாகப் பின்னுவது ரஷ்யக் கிராமங்களின் கலியாண வழக்கம். பின்னர் தோழிகள் ஒருவர் தலையின் மேல் ஒருவர் தலையாகச் சாய்த்துக் கோபுரம் போல அடுக்க, உச்சியில் மணமகளின் முகம் மட்டும் தெரிகிறது. பலே நடனத்தில் பெண்கள் அணியும் விரல்நுனிச் சப்பாத்து அதுவரை மென்மைக்கும் மிதப்புக்கும் உரியதாக இருந்தது. நிஜின்ஸ்கா அதே சப்பாத்தால் நிலத்தைக் குத்த வைத்தார். பின்னல் பின்னுவது போலக் கால்கள் குறுக்கும் நெடுக்குமாக ஊன்றி நகர்கின்றன. ஆண்களுக்கும் பெண்களுக்கும் அசைவுகள் ஏறக்குறைய ஒன்றே. ஊர் முழுவதும் ஆடுகிறது. மணமக்கள் இருவர் மட்டும் பெரும்பாலும் அசையாமல் இருக்கிறார்கள். கடைசியில் அவர்களை அறைக்குள் அனுப்பிக் கதவை அடைத்துவிட்டு, பெற்றோர்கள் வெளியே அமர்ந்திருக்கிறார்கள்.

நான் இதை ஒளிப்பதிவில்தான் பார்த்திருக்கிறேன். தாய் தனியே நிற்கும் அந்த ஒரு கணத்தில் எனக்கு வேறு கலியாண வீடுகள் நினைவுக்கு வந்தன. வாசிக்கும் உங்களுக்கும் வரலாம்.

பரிஸ் வரவேற்றது. 1926இல் லண்டன் விமர்சகர்கள் பலர் கண்டித்தார்கள், நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் நிஜின்ஸ்காவின் படைப்புக்கு ஆதரவாகப் பகிரங்கக் கடிதம் எழுதினார்.

கடுமையானதையே செய்யத் தெரிந்தவர் என்று அவரை நினைத்துவிடக் கூடாது. 1924 ஜனவரியில் மொன்டே கார்லோவில் மேடையேறிய லே பிஷ் நேர்மாறானது. பூலென்க் என்பவரின் இசை, மரி லொறன்சின் வரைந்த இளஞ்சிவப்புக் காட்சி. பணக்கார வீடொன்றில் ஒரு பிற்பகல் விருந்து. சோம்பலும் சரசமும் சிறு சிறு குறும்புகளும். கழுத்தில் முத்துமாலைகள் தொங்க, கையில் நீண்ட சிகரெட் குழாயுடன் வரும் வீட்டுக்காரியாக நிஜின்ஸ்காவே ஆடினார். சிரித்துக்கொண்டே ஒரு சமூகத்தின் மேல் ஊசி குத்தும் வேலை அது. அதே ஆண்டு ஜூனில் நீலப் புகைவண்டி வந்தது. பெயரில் மட்டுமே புகைவண்டி. மேடையில் நீச்சலும் கொல்ப் விளையாட்டும் டெனிஸும்தான். உடைகள் கொக்கோ ஷனேல் தயாரித்தவை. டெனிஸ் வீராங்கனையாக ஆடியவரும் நிஜின்ஸ்காவே.

1925இல் அவர் டியாகிலெவைவிட்டு விலகினார். அதன் பின் வாழ்க்கை பெட்டியும் படுக்கையுமாகத்தான். சிறு குழு ஒன்றைச் சேர்த்துக்கொண்டு இங்கிலாந்தின் கடற்கரை ஊர்களில் ஆடினார். புவனோஸ் அயர்ஸ் நகரின் கொலோன் அரங்கில் வேலை செய்தார். 1928 நவம்பரில், ராவெலின் பொலேரோ இசைக்கு முதன்முதலாக நடனம் அமைத்தவரும் அவர்தான். மதுச்சாலை மேசையின் மேல் இடா ரூபின்ஸ்டைன் ஆட, சுற்றிலும் ஆண்கள் நெருங்கி வரும் அந்த அமைப்பைப் பலர் பின்னர் கையாண்டிருக்கிறார்கள். ரூபின்ஸ்டைனின் அந்தக் குழுவில் பின்வரிசையில் ஆடிய ஓர் ஆங்கிலேய இளைஞர், தான் ஆடாத நேரங்களிலும் ஒத்திகை அறையின் ஓரத்தில் அமர்ந்து நிஜின்ஸ்கா வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் பெயர் பிரெடெரிக் அஷ்டன். இவரை நினைவில் வைத்திருங்கள்.

1934இல் தமது சொந்தக் குழுவுக்காக ஹம்லெட்டை நடனமாக்கினார். இளவரசன் வேடத்தையும் தாமே ஏற்றார். அடுத்த ஆண்டு வெளிவந்த மக்ஸ் ரைன்ஹார்ட்டின் திரைப்படம் ஒன்றுக்கு நடனம் அமைக்க ஹொலிவூட் சென்றார்.

அதே 1935இல் பிரான்சில் நடந்த மோட்டார் வண்டி விபத்தில் மகன் லெவ் இறந்தார். பதினாறு வயது. மகள் இரீனா பலத்த காயமடைந்தார். பூக் ஆற்றைக் கடக்கும்போது இரண்டு வயதாக இருந்த பிள்ளை அது. தாயார் எலியனோராவும் மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் காலமாகியிருந்தார். இதைப் பற்றி மேலும் எழுத எனக்கு வரவில்லை. இரண்டு ஆண்டுகளில் அவர் போலந்து பலே குழுவின் பொறுப்பை ஏற்றார் என்பதையும், சொபினின் இசைக்கு அவர் அமைத்த நடனத்துடன் அந்தக் குழு 1937ஆம் ஆண்டு பரிஸ் கண்காட்சியில் முதற்பரிசு பெற்றது என்பதையும் மட்டும் குறிப்பிடுகிறேன்.

இரண்டாம் உலகப் போர் அவரை அமெரிக்காவுக்குக் கொண்டு சேர்த்தது. லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் குடியேறி, 1941இல் பாடசாலை திறந்தார். அப்போது ஐம்பது வயது. செவிப்புலன் மிகவும் குன்றியிருந்தது. ஆங்கிலமும் அதிகம் வராது. இரண்டாவது கணவர் நிக்கொலஸ் சிங்கயெவ்ஸ்கி வகுப்பில் நின்று, ஆசிரியர் சொல்வதை மாணவிகளுக்கு எடுத்துச் சொல்வார். ஒத்திகைகளில் வெள்ளைக் கையுறை அணிந்து நிற்கும் ஆசிரியை, குறை கண்டால் விடமாட்டார் என்று மாணவிகள் அஞ்சினார்கள். அஞ்சிக்கொண்டே மறுநாளும் வந்தார்கள். ஒசேஜ் என்ற அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்த மரியா டோல்சீப், மார்ஜொறி டோல்சீப் என்ற சகோதரிகள் இருவரும் அப்படி வந்தவர்களே. மரியா பின்னர் அமெரிக்காவின் முதன்மை பலே நட்சத்திரமானார். இளம் வயதில் பியானோவா நடனமா என்று தடுமாறிக்கொண்டிருந்த அவரை நடனத்தின் பக்கம் திருப்பியவர் நிஜின்ஸ்காதான்.

ஆனால் அவருடைய சொந்த ஆக்கங்கள் மறைந்துகொண்டிருந்தன. ஓவியம் சுவரில் இருக்கும், நூல் அலுமாரியில் இருக்கும். நடனம் ஆடுபவரின் உடலில் மட்டுமே இருக்கிறது. ஆடுபவர்கள் முதுமை அடைய, குழுக்கள் கலைய, எழுபதுக்கும் மேற்பட்ட அவருடைய ஆக்கங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

அந்த வேளையில்தான் லண்டனிலிருந்து கடிதம் வந்தது. ஒத்திகை அறையின் ஓரத்தில் அமர்ந்திருந்த அந்த இளைஞர், 1963 முதல் றோயல் பலே குழுவின் இயக்குநராகியிருந்தார். அந்தக் குழுவைத் தோற்றுவித்த நினெற் த வலுவா அம்மையாரும் 1923இலிருந்து இரண்டு ஆண்டுகள் டியாகிலெவின் குழுவில் நிஜின்ஸ்காவின் கீழ் ஆடியவரே. அஷ்டன் அழைக்க, நிஜின்ஸ்கா சென்றார். 1964 டிசம்பரில் லே பிஷ் மேடையேறியது. 1966 மார்ச்சில் லே நோஸ். எழுபத்தைந்து வயதான மூதாட்டி, காது கேளாத நிலையில், ஸ்ட்ராவின்ஸ்கியின் சிக்கலான தாளக் கணக்குகளை நினைவிலிருந்தும் தமது பழைய குறிப்பேடுகளிலிருந்தும் எடுத்து, அவர் அதை ஆக்கிய காலத்தில் பிறந்தேயிராத பெண்களுக்குக் கற்பித்தார். மணமகளாக ஸ்வெற்லானா பெரியோசோவா நின்றார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் கண்டித்த அதே லண்டன் இப்போது எழுந்து நின்றது.

1972 பெப்ரவரி 21ஆம் திகதி கலிபோர்னியாவில் நிஜின்ஸ்கா காலமானார். மகள் இரீனா அதன் பின் தாயாரின் நடனங்களைப் பல குழுக்களுக்குக் கற்பிப்பதையே தம் வேலையாக்கிக்கொண்டார். 1981இல் ஓக்லண்ட் பலே குழுவுக்கு லே நோஸைக் கற்பித்தவர் அவர்தான். குறிப்பேடுகளும் வரைபடங்களும் இன்று வொஷிங்டனில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன.

நிஜின்ஸ்கா தம் நினைவுகளையும் எழுதி வைத்திருந்தார். 1981இல் மகளின் முயற்சியால் அது நூலாக வெளிவந்தது. பெரிய நூல். தாயாரைப் பற்றியும், பாடசாலை நாட்களைப் பற்றியும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தமையனைப் பற்றியும் அதில் நிறைய இருக்கிறது. அது 1914ஆம் ஆண்டோடு முடிகிறது. லே நோஸ் அதில் இல்லை.